இம்மீடியட்லி என்று ஒரு சொல்

"இதுல அம்மா பேசணும்ங்கிறது எங்க இருக்கு, ஐயா?"

கண்டி தபால் கந்தோருக்கு வெளியே, தூறல் படாத ஓரத்தில் ஒரு கதிரையையும் ஒரு கள்ளிப்பெட்டியையும் போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் தெரியாதவர்களுக்குத் தந்தி எழுதிக் கொடுப்பவர் திருச்செல்வம். யாழ்ப்பாணத்து மனிதர். முப்பது வருஷம் தந்தி மெஷினைத் தட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, கேட்ட ஈஸ்வரியைப் பார்த்தார்.

"பிள்ளை, இது தந்தி. கடுதாசி இல்லை."

"வாசிச்சாவது காட்டுங்க."

"மதர் சீரியஸ்லி இல். ஸ்டார்ட் இம்மீடியட்லி. தாய்க்குக் கடும் வருத்தம், உடனே வெளிக்கிடு. இவ்வளவும் காணாதோ?"

"அம்மாவுக்கு அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். பேச்சு நிக்கிறதுக்குள்ள சொல்லணுமாம். அதைப் போடுங்க."

"அதைப் போட்டால் என்ன நடக்கும் தெரியுமோ? வாசிக்கிறவன் யோசிப்பான். என்ன சொல்லப் போறா, நல்லதோ, கெட்டதோ எண்டு. யோசிக்கிறவன் றெயிலை விட்டிடுவான். இந்தக் கடைசிச் சொல் இருக்குதே, இதுக்குள்ள யோசிக்க இடமே இல்லை."

ஈஸ்வரிக்குத் துணையாக வந்திருந்தவள் அடுத்த வீட்டு றம்லத். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடிதாசியை எட்டிப் பார்த்தாள். "அப்படி அதுக்குள்ள என்ன ஈக்கி, மாஸ்டர்?"

கேட்டிருக்கக் கூடாது. திருச்செல்வம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது லத்தீன் பாஷையில இருந்து வந்த சொல். மீடியஸ் எண்டால் நடு. முன்னால வாற 'இம்' எண்டது இல்லை எண்டதுக்கு. நடுவில ஒண்டும் இல்லை எண்டதுதான் பிறப்பு அர்த்தம். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில ஒண்டும் இல்லை, அவருக்கும் இவருக்கும் நடுவில ஆள் இல்லை, இப்படித்தான் முதல்ல சொன்னவை. பிறகுதான் நேரத்துக்கும் வந்தது. கேட்டதுக்கும் செய்யிறதுக்கும் நடுவில ஒரு மூச்சுக்கூட இல்லை. தமிழில உடனே எண்டு சொல்லிறம். அது இதுக்குக் கிட்டவும் வராது."

"எங்கட கவர்மெண்ட் கச்சேரியில துரைமார் எழுதுற கடுதாசியிலயும் இந்தச் சொல்லு வாரதாம். எங்கட மனுஷர் சென்னார். அது வந்தா வேலை நடக்க மூணு மாசமாம்."

"அது கச்சேரி. தந்தியில வந்தால் மனிசர் ஓடுவினம். நான் எத்தினை பேரை ஓடப் பண்ணியிருக்கிறன்!"

"சரி மாஸ்டர், நாங்க பாடம் படிக்க வரல்ல. இந்தப் பிள்ளைட உம்மா அங்க மூச்சிழுத்துக்கிட்டு ஈக்கிறா."

ஈஸ்வரி இன்னும் கடிதாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது.

"ஐயா, அம்மா உசிரோட இருக்காங்கன்னாவது..."

றம்லத் அவள் கையைக் கிள்ளினாள். "என்ன பேச்சு இது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

"உயிரோட இருக்கிற மனிசியை உயிரோட இருக்கிறா எண்டு எழுதுறதோ? வாயாலயும் சொல்லக் கூடாது, பிள்ளை," என்றார் திருச்செல்வம்.

"வேணாம், வேணாம். போட்டுடாதீங்க. இருக்கிறபடியே போகட்டும்."

அப்படித்தான் அது போயிற்று. பத்து மணிக்கு முன்னாலேயே போய்விட்டது.

---

நாவலப்பிட்டியில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற நடராஜா, கட்டுக்கலைச் சந்தில் இருக்கிற தன் தாய் வீட்டு வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குக் காரணமும் ஒரு தந்திதான். அதையும் இதே திருச்செல்வம்தான் இதே கள்ளிப்பெட்டிமேல் வைத்து எழுதினார்.

சாவைச் சாவு என்று தந்தியில் எழுதுகிற வழக்கம் அந்தச் சந்தில் எந்த வீட்டிலும் இல்லை. கேட்ட இடத்திலேயே விழுந்துவிடுவான், றெயிலில் தனியாக அழுதுகொண்டு வருவான் என்று, நோய் என்றே எழுதச் சொல்வார்கள். வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். தந்திக்காரனுடைய சைக்கிள் வாசலில் நின்றதுமே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

அப்போது இருபத்து மூன்று வயசான நடராஜாவுக்கு மட்டும் இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தகப்பனுக்குக் கடும் வருத்தம், உடனே புறப்படு என்று வந்ததை அவன் அப்படியே நம்பினான். ஸ்டேசனில், உரித்துச் சுளை சுளையாகக் கொடுக்கத் தோடம்பழம் வாங்கிக்கொண்டான். பையோடு சந்துக்குள் ஓடி வந்தான்.

"என்னடா இது கையில?" என்று கேட்டாள் தாய் நல்லம்மா. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாவுக்குப் பழம்."

அப்பாவைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, பாடையும் கட்டியாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவன் சிரித்தே விட்டான். பை கையிலிருந்து விழுந்து பழங்கள் பாடைக்கு அடியில் உருண்டன.

"பழம் இருக்கட்டும். உன் மாமா எங்க?"

"மாமாவா?"

"புசல்லாவைக்குப் போகலியா நீ? என் தம்பிக்குச் சொல்லலியா?"

"எனக்கு... அப்பாவுக்குச் சுகமில்லன்னுதானேம்மா வந்துச்சு."

புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். அந்த வெள்ளைச் சேலையைக் கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போட வேண்டும். அவனுக்குச் செத்தவருடைய மூத்த மகன் நேரே போய்ச் சொல்ல வேண்டும். ஆள் வந்து சொல்லாத சாவுக்கு அந்த வீட்டார் வருவதில்லை. தந்தி அடித்தாலும் வரமாட்டார்கள். நல்லம்மாவுக்கு அன்றைக்குக் கோடி வரவில்லை. வெயில் சாயும் மட்டும் பார்த்தார்கள். பிறகு யாரோ தங்கள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய வெள்ளையைத்தான் அவள் தோளில் போட்டார்கள்.

"பொறந்த வீடு அத்துப்போனவ மாதிரி உக்கார வெச்சிட்டியேடா," என்றாள். சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "இனி நான் செத்தாத்தான் நீ இந்த வாசல மிதிக்கணும். அப்பவாச்சும் என் தம்பியையும் கோடியையும் கூட்டிக்கிட்டு வா. பழம் தூக்கிக்கிட்டு வராத."

அவன் அப்போதே போனான். அதற்குப் பிறகு வரவே இல்லை. தீபாவளிக்குச் சேலை அனுப்புவான். அவள் பிரித்துப் பார்ப்பாள், மடித்துத் திருப்பி அனுப்புவாள்.

"ஏம்மா, பிரிச்சுப் பாக்கிறது எதுக்கு, திருப்பி அனுப்புறது எதுக்கு?" என்று ஈஸ்வரி கேட்பாள்.

"நல்லாக் கிழிச்சிருக்கானான்னு பாத்தேன். நேராத்தான் கிழிச்சிருக்கான்."

---

தந்தி கொடுத்துவிட்டு ஈஸ்வரி வீட்டுக்கு வந்தபோது நல்லம்மா தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வராது. கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. முதல் நாள் வைத்தியம் பார்க்க வந்த அப்போதிக்கரி, "நெஞ்சு களைச்சுப் போச்சு. ரெண்டு நாள், மூணு நாள்," என்று வெளியே வந்து சொல்லியிருந்தார். உள்ளே இருந்தவளுக்கும் அது கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் மகனைக் கூப்பிடச் சொன்னாள்.

"அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சும்மா."

"என்னன்னு?"

"உடனே வரச் சொல்லி."

"நான் பேசணும்னு போட்டியா?"

ஈஸ்வரி தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள்.

"போட்டியாடி?"

"போட்டேம்மா."

"அப்ப வந்துருவான்."

"நீ பேசாம இரும்மா. மூச்சு வாங்குது."

"பேசாம எப்படி இருக்கிறது? வந்தவுடனே 'உள்ள வாடா'ன்னு சொல்லணும். அவன் வாசல்லயே நிப்பான். நான் சொல்லாம மிதிக்க மாட்டான். பிடிவாதம். என் பிடிவாதம்தான் அது." கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டாள். "உள்ள வாடா. ரெண்டு சொல்லு. அவ்வளவுதான். நான் போட்டதை நான்தானே எடுக்கணும்."

பகல் முழுக்க அந்த இரண்டு சொல்லையும் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டாள். நடுவில் கோப்பி கேட்டாள், ஒரு வாய் குடித்தாள். றம்லத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லம்மாக்கா, மகன் வந்தா எனக்கும் காட்டுங்க. ஆறு வருஷத்துல தொந்தி போட்டிருப்பாரு."

"போடட்டும்."

"அந்தத் தோடம்பழத்தைப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க."

நல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினாள். "நான் கேட்டாத்தான் கொண்டு வரணும். இப்ப கேக்குறேன். கொண்டு வந்தா ஒரு சுளை தின்பேன்."

நாலு மணி றெயிலுக்கு றம்லத்தின் புருஷன் மக்கீன் ஸ்டேசனுக்குப் போனார். தனியாகத் திரும்பி வந்தார்.

"இதுல இல்ல. அடுத்ததுல வருவாரு."

"நாவலப்பிட்டியில இருந்து இங்க என்ன தூரம், மக்கீன் நாநா?" என்றாள் ஈஸ்வரி.

"ரெண்டு மணித்தியாலம். மிஞ்சினா ரெண்டரை."

அடுத்ததிலும் இல்லை. அதற்கு அடுத்ததே கடைசி றெயில். அதிலும் இல்லை. மக்கீன் அந்தத் தடவை வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்றே கையை விரித்தார். உள்ளே இருந்து குரல் வந்தது.

"வந்துட்டானா?"

"கடையில லீவு குடுத்திருக்க மாட்டாங்கம்மா. காலையில வந்துரும் அண்ணன்."

"நான் பேசணும்னு போட்டிருந்தும் லீவு குடுக்கலியா?"

ஈஸ்வரி போர்வையை இழுத்துவிட்டாள். பொய்யை எந்த இடத்தில் அவிழ்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போது அவிழ்த்தால் தாய் விடியும்வரை தாங்க மாட்டாள் என்று பட்டது.

---

காலையில் திருச்செல்வம் குடையோடு வந்தார். தான் எழுதிய தந்தி என்னவாயிற்று என்று பார்த்துப்போவது அவருடைய வழக்கம். வாசலிலேயே கேட்டார்.

"பெடியன் நேற்றே வந்திருப்பானே?"

"வரல, ஐயா."

"வரேல்லையோ? இருக்காது. நான் எழுதி வராத ஆள் இல்லை."

"வரலன்னா வரலதான். அம்மாவுக்கு நாக்கு குளறுது. இன்னைக்குப் பகல் தாண்டாது போல இருக்கு."

திருச்செல்வம் குடையை மடக்கினார். "போன முறை எப்பிடி வந்தவன்? தேப்பன் போனபோது?"

"ஓடித்தான் வந்துச்சு. அதுதானே வம்பு. அப்பாவுக்கு நோய்னு நெனச்சு, பழத்தோட." ஈஸ்வரி சொல்லிக்கொண்டே வந்து நின்றுவிட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஐயா, அன்னைக்கு அடிச்ச தந்தியில என்ன எழுதினீங்க?"

"ஃபாதர் சீரியஸ்லி இல்."

"அப்புறம்?"

அவர் குடைப் பிடியைத் திருகினார்.

"அப்புறம் என்ன எழுதினீங்க, ஐயா?"

"அதேதான், பிள்ளை. எல்லாருக்கும் அதுதான் எழுதுறனான்."

ஈஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அண்ணனுக்கு அம்மா செத்தாச்சு."

"பொறு, பொறு. அப்பிடி நினைச்சாலும் உடனே வந்திருக்க வேணுமே? கொள்ளி வைக்கிறவன் அவன்தானே?"

"தெரியல. எனக்கு ஒண்ணும் தெரியல. போய் இன்னொண்ணு அடிங்க. அம்மா உசிரோட இருக்கான்னு போடுங்க. அவகிட்ட பேச்சு இருக்குன்னு போடுங்க. வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை ஒண்ணும் பாக்காதீங்க. போடுங்க, ஐயா!"

அவர் வயசுக்கு ஓடக் கூடாது. சந்து இறக்கத்தில் குடையை ஊன்றி ஊன்றி ஓடினார். தந்தியைத் தன் பழைய இடத்துக்குள்ளேயே புகுந்து, தெரிந்த பெடியனிடம் கொடுத்து, அப்போதே அனுப்பச் செய்தார். அங்கேயே நின்றார். ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஜவுளிக்கடை முதலாளியின் பதில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"என்ன ஐயா?"

"நடராஜா நேற்று மத்தியானமே வெளிக்கிட்டிட்டான். கண்டிக்கு இல்லை. புசல்லாவைக்கு."

ஈஸ்வரி அடுப்படியில் நின்றிருந்தாள். கையில் இருந்த கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கோடி," என்றாள்.

"என்ன?"

"மாமாவையும் கோடியையும் கூட்டியாரப் போயிருக்கு. அம்மா சொன்னபடி. கம்பளை ஸ்டேசன்ல இறங்கி பஸ் பிடிச்சுப் போய்ச் சேரவே பொழுது சாஞ்சிருக்கும். காலையில மொத பஸ்ல பொறப்பட்டிருப்பாங்க." அவள் வாசலுக்கு ஓடினாள். "றம்லத் அக்கா! றம்லத் அக்கா! சந்து முனைக்குப் போங்க! எங்க மாமா வீட்டு ஆளுங்க வருவாங்க. அழாம வரச் சொல்லுங்க. அம்மா இருக்காங்கன்னு சொல்லுங்க. ஓடுங்க!"

"நீ?"

"அம்மா பக்கத்துல போனாலே என் சேலையைப் பிடிச்சுக்கிறா. நான் வெளிய போனா அவன் வந்துட்டான்னு எழும்பப் பாக்குறா."

றம்லத் செருப்பையும் போடாமல் ஓடினாள்.

ஆனால் அவர்கள் பஸ்ஸிலிருந்து அப்போதே இறங்கியாகிவிட்டது. சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் வாசலுக்கு வந்து அழத் தொடங்குவதில்லை. சந்து முனையிலேயே முடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, பாட்டெடுத்துத்தான் வருவார்கள். எதிரே முதலில் வருகிற பெண்ணைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு அழ வேண்டும். அந்த முதல் பெண்ணாக றம்லத் போய்ச் சேர்ந்தாள்.

"விடுங்க, நான் செல்றதைக் கேளுங்க..."

"எங்கள விட்டுப் போனீகளே, மதினியாரே!"

"போகல்ல! போகல்ல! உள்ளுக்குத்தான் ஈக்கிறா..."

"உள்ள கெடத்தி வெச்சிருக்காகளே, என் மதினிய!"

மாமன் பெண்சாதி ஒரு பக்கம், அவள் தங்கைகள் இரண்டு பேர் ஒரு பக்கம். றம்லத்தின் முகம் ஒருத்தியின் தோளுக்குள் அமுங்கிப்போயிருந்தது. அவள் கத்தக் கத்த, அவளும் அழுகிறாள் என்று அவர்கள் இன்னும் உரக்க அழுதார்கள். ஆண்கள் அவர்களைக் கடந்து முன்னே நடந்தார்கள்.

---

உள்ளே நல்லம்மா கண்ணைத் திறந்தாள்.

"யாருடி செத்தது?"

"யாருமில்லம்மா."

"அழுகுறாங்களே."

"வேற வீட்டுலம்மா. தள்ளி."

"பொய் சொல்லாத." நாக்கு தடித்துப் போயிருந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அது என் தம்பி பொண்டாட்டி குரலு. எனக்குத் தெரியும். ஐயோ... என் தம்பிக்கு என்னடி ஆச்சு?"

"மாமாவுக்கு ஒண்ணும் இல்லம்மா!"

"அப்ப எதுக்கு அழுகுறா? என் தம்பி போயிட்டானா? எனக்கு முன்னாடி போயிட்டானா?"

அதற்குள் வாசல் இருண்டது. தம்பி உயிரோடு நின்றான். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், அதன்மேல் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை. அக்காளுடைய கண்கள் திறந்திருப்பதைப் பார்த்ததும் தட்டு ஆடிற்று, தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. அவன் பின்னால் நடராஜா. சட்டையில்லாமல், வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொள்ளி வைக்க வருகிறவன் மாதிரியே வந்திருந்தான். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே இருந்தது.

நல்லம்மா தம்பியைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கோடியா?" என்று கேட்டாள்.

தம்பி தட்டைப் பின்னால் மறைக்கப் பார்த்தான்.

"நல்ல சேலை. வை. அங்க வை, தம்பி."

"அக்கா, நாங்க..."

"சொன்னபடி வந்திருக்கான். ஒண்ணும் கொறையில்ல."

"அம்மா!" நடராஜா கட்டிலடியில் விழுந்தான். "எனக்குத் தந்தி வந்துச்சும்மா. சுகமில்லன்னு வந்துச்சு. நான் அப்பா மாதிரின்னு... நான் நெனச்சேன்..."

"நான் பேசணும்னு போட்டிருந்தேனே."

நடராஜா தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தான்.

"போடலம்மா," என்றாள் ஈஸ்வரி. "நான் போடல. பொய் சொன்னேன். நீ பேசணும்னு தந்தியில ஒரு எழுத்தும் இல்ல. சத்தியமா இல்ல. அண்ணனுக்குத் தெரியாது."

"அண்ணனுக்காகப் பொய் சொல்லாத."

"இப்ப சொல்றதுதான் நெசம்மா! ஐயா, சொல்லுங்களேன். திருச்செல்வம் ஐயா, நீங்கதானே எழுதினீங்க, சொல்லுங்களேன்!"

திருச்செல்வம் வாசலுக்கு வெளியே நின்றார். "ஓம் அம்மா, நான்தான் எழுதினனான், அதில அப்பிடி..." என்று தொடங்கினார். பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். தலைவிரி கோலமாக, பாட்டு பாதியில் அறுந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் குரல் உள்ளே வரவில்லை.

"அம்மா, நேத்தெல்லாம் சொல்லிப் பார்த்தியே. ரெண்டு சொல்லுன்னியே. சொல்லும்மா. அண்ணன் வந்திருக்கு. இதோ இருக்கு."

"என்ன சொல்லணும்?"

"உள்ள..." ஈஸ்வரி அங்கேயே நிறுத்தினாள். அதைத் தான் சொல்லிக் கொடுத்துத் தாய் சொல்லக் கூடாது என்று அந்தச் சமயத்திலும் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு எத்தனையோ நாள் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

நல்லம்மா காத்துக்கொண்டிருக்கவில்லை. "அவன் உள்ள வந்துட்டானே," என்றாள். "செத்தவ என்ன சொல்றது?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தம்பி கூப்பிட்டான், திரும்பவில்லை. மகன் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். வீங்கிய கால், அவன் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, மேலெழாமல் அப்படியே இருந்தது. றம்லத் ஒரு கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்து நல்லம்மாவின் உதட்டில் வைத்தாள். வாய் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு முன்னால் மூச்சு நின்றது.

வெளியே போய் நின்ற பெண்கள் திரும்ப முடியை அவிழ்த்தார்கள். கோடி அங்கேயே இருந்தது. எடுத்துப் போர்த்த வேண்டியதுதான் பாக்கி. கிழித்த ஓரம் நேராக இருந்தது. நடராஜாதான் கடையில் கிழித்து, மாமன் கையில் கொடுத்துக் கொண்டுவரச் செய்திருக்கிறான்.

---

சாம்பல் கரைத்துவிட்டு வந்த மறுநாள் திருச்செல்வம் வந்தார். கூடத்தில் கதிரை போட்டார்கள், உட்காரவில்லை. நடராஜா மடியிலிருந்து இரண்டு தந்திக் கடிதாசிகளை எடுத்தான். ஒன்று மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. மற்றது புதிசு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாசற்படிமேல் வைத்தான்.

"ஐயா, எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். முதல் சொல்லு மட்டும்தான் வேற. மத்ததெல்லாம் ஒண்ணு. சரிதானே?"

"ஓம், தம்பி."

"முதல் தடவ அதை நம்பி ஓடியாந்தேன். அப்பா போயிட்டாரு. ரெண்டாவது தடவ நம்பாம இருந்தேன். அம்மா இருந்தா. மூணாவது தடவ வந்தா நான் என்ன செய்யணும்?"

திருச்செல்வம் குனிந்து கடிதாசிகளைப் பார்த்தார். அந்தக் கடைசிச் சொல்லை எத்தனை பேருக்கு எழுதியிருப்பார்! அதன் பிறப்பு, அதன் வம்சம் எல்லாம் அவருக்குத் தெரியும். "தம்பி," என்றார். "தம்பி, நான்..." என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கிப் போய்விட்டார்.

நடராஜாவும் புறப்பட்டான். நாலு மணி றெயில். ஈஸ்வரி வாசல்வரை வந்தாள்.

"பதினாறு வரைக்கும் இருக்கக் கூடாதா, அண்ணா?"

"பதினாறுக்கு மாமா வீட்டுல இருந்து நேரா காரியம் செய்ற மண்டபத்துக்கு வாறேன். இங்க வரல."

"இது உன் வீடு."

"செத்தாத்தான் மிதிக்கணும்னா. செத்தா. மிதிச்சாச்சு."

"அவ அதை எடுக்கத்தான் உன்னைக் கூப்பிட்டா. 'உள்ள வாடா'ன்னு சொல்லணும்னு பகல் பூரா சொல்லிச் சொல்லிப் பார்த்தா. தோடம்பழம் கொண்டு வந்தா ஒரு சுளை தின்பேன்னா. றம்லத் அக்காவைக் கேட்டுப் பாரு."

"தோடம்பழம்னாளா?"

"ஆமா."

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிப் போயிற்று.

"நீ சொல்ற, ஈஸ்வரி. அவ சொல்லலியே."

"நான் சொன்னா போதாதா?"

"நீ நடுவுல இருக்க. நீ எப்படிச் சொல்ல முடியும்?"

படியைக் காலால் தொடாமல், ஒரே எட்டாக எட்டி வெளியே இறங்கினான். மழை பிடித்துக்கொண்டிருந்தது. குடை கொண்டுவரவில்லை. ஈஸ்வரி ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சந்து முனையைத் தாண்டிவிட்டான்.